டிசம்பர் 5: பாடம் வாசிக்க வாருங்கள்

வணக்கம் நண்பர்களே.

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் தினம், 1985-இல் ஐ.நா. அறிவித்தது. அன்று காலை 10 மணிக்கு நூலக வாசலில் கூடுகிறோம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை.

1. முதல் முறை வருபவர்கள் தயங்க வேண்டாம். தெளிவாக வாசித்தால் போதும்.
2. படம், அட்டவணை வந்தால் தாண்டிப் போகாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்பவர் தேர்வு எழுதுவது அதை நம்பித்தான்.
3. செல்போன், இயர்போன், தண்ணீர் கொண்டு வாருங்கள்.
4. ஒரு மணி நேரம்தான் முடியும் என்றாலும் சரி, வாருங்கள். சொல்லிவிட்டு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஒருவருடைய பாடம் பாதியில் நின்றுவிடும்.

பெயர், துறை, வரும் நேரம் மூன்றையும் டிசம்பர் 2-க்குள் இங்கேயே பதிவிடுங்கள். அப்புறம், பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்ல அவர்களுக்காகத் தேர்வு எழுதித்தர முன்வருபவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.