சர்நேம் கட்டத்துக்குள் எங்கள் ஊர்

விண்ணப்பப் படிவங்களில் கட்டம் போடும் அதிகாரிகளுக்கும், நிரப்பியே ஆகவேண்டும் என்று அந்தக் கட்டங்களுக்குச் சிவப்பு நட்சத்திரம் வைக்கும் மென்பொருள்காரர்களுக்கும்,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, பாஸ்போர்ட், பரீட்சை விண்ணப்பம், விமான டிக்கெட் என்று நாள் முழுக்க அடுத்தவர் பெயரைத் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதில் விழும் கேள்வி: "அக்கா, சர்நேம்ல இன்னா போடறது?"

முருகன் மகன் செல்வம். ஆதாரில் ஒரே கட்டம், 'மு. செல்வம்' என்று வந்துவிட்டது. பான் படிவத்திலோ கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியலும் கூடாது. வேறு வழியில்லாமல் முருகனைச் சர்நேம் ஆக்குகிறோம். அப்புறம் பானையும் ஆதாரையும் இணைக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்பது ஒரு ஆறுதலாக இருந்தது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னதும் அதுவும் போயிற்று. அந்த வாரம் என் கடையில் நின்ற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் பூர்வீகம் ஆற்காடு. தாத்தா காலத்திலிருந்து பெயருக்கு முன்னால் ஊர் இருக்கிறது. கர்னூலில் பிறந்த இரட்டையர் ராமசாமி முதலியாருக்கும் லட்சுமணசாமி முதலியாருக்கும் முன்னால் நின்ற அதே ஆற்காடுதான். 1946இல் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானவர் அண்ணன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டு துணைவேந்தராக இருந்தவர் தம்பி. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. என் தம்பி அமெரிக்கா போனான், அவ்வளவுதான். அங்கே ஆற்காடு அவன் சர்நேம் ஆகிவிட்டது. பாலாற்றை ஒரு தடவைகூடப் பார்க்காத அவன் மகளைப் பள்ளியில் 'மிஸ் ஆர்காட்' என்று கூப்பிடுகிறார்களாம்.

அந்தச் சொல் ஒரு குடும்பத்துக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? நவாப் காலத்தில் அது பணம்: ஆற்காட்டு ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் அடித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தார்கள், காசின் பெயர் மட்டும் ஆற்காடு. பிறகு அது பட்டம்: 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தார். அதன்பின் வெள்ளைக்காரர்கள் அந்தக் குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் கொடுத்தார்கள். அவர்கள் இருப்பதோ ராயப்பேட்டை அமீர் மகாலில். சென்னையில் கோடம்பாக்கம், வடபழனி என்று போகிறவர்களுக்கு அது ஒரு ரோடு. 1853இல் தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனுக்கும் அதே பெயர். எங்களுக்கு அது வாயில் கரையும் மக்கன் பேடா. கட்சிக்காரர்களிடம் 'ஆற்காட்டார்' என்று சொன்னால் பழைய மின்துறை அமைச்சர் வீராசாமியைத்தான் நினைப்பார்கள்.

சொல்லுக்கே என்ன பொருள் என்றால் அங்கேயும் சண்டை. ஆறு முனிவர்கள் தவம் செய்த ஆறு காடுகள், அதனால் ஆற்காடு என்பார்கள். வன்னிவேடு, காரை, குடிமல்லூர், வேப்பூர் என்று சுற்றியுள்ள கோயில்களைச் சிவராத்திரிக்கு ஒரு வேன் பிடித்துப் பார்த்து வருவோம். எங்கள் தமிழ் ஐயா ஒப்புக்கொள்ளவே மாட்டார். "எண் என்றால் அறுசுவை, அறுபடை மாதிரி அறுகாடு என்று வரணும்மா. நதி என்றால் ஆற்றுக்காடு. ஆர் என்றால் ஆத்தி. ஆத்திமரக் காடு, ஆர்க்காடு. ர போடு, க் போடு" என்பார். நற்றிணை 190ஆம் பாட்டில் ஆர்க்காடு வருகிறது; அது நம்ம ஊரா, சோழநாட்டு வேறோர் ஊரா என்பது தனி வழக்கு. ஐயாவுக்குப் பயந்து நோட்டில் ர போட்டேன், கடைப் பலகையில் ற போட்டிருக்கிறேன்.

இத்தனை பொருளையும் தாங்கும் சொல்லுக்கு உங்கள் படிவத்தில் என்ன நடந்தது தெரியுமா? போன மாதம் எனக்கே ஒரு விண்ணப்பம் போட்டேன். சர்நேம் கட்டத்தில் ஆற்காடு என்று அடித்தேன், பச்சை டிக் விழுந்தது. 'பிறந்த மாவட்டம்' என்ற இடத்தில் பட்டியலைத் திறந்தேன். 1985இல் பிறந்தவள் நான். பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லை. 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று பிரித்தார்கள். முதலாவது வேலூர் மாவட்டமானது. 2019இல் அதுவும் மூன்றாகி, ஆற்காடு இப்போது ராணிப்பேட்டையில் கிடக்கிறது. ராணிப்பேட்டையைத் தேர்ந்தெடுத்தேன். சில நாளில் நிராகரிப்பு: சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், சர்நேம்ல எதுக்கு ஊர்ப் பேரைப் போட்டிருக்கீங்க?" என்றார்.

ஊர் இல்லாத இடத்தில் ஊரைக் கட்டாயமாகக் கேட்கிறீர்கள். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்கிறீர்கள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போனது மறதியால் அல்ல. சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பெயரின் வாலை மனமுவந்து வெட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வெட்டிய இடத்தில் நீங்கள் நட்சத்திரம் வைத்து, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கிறீர்கள். கடையில் சில பிள்ளைகள் வேறு வழி தெரியாமல் சாதிப் பெயரையே அடிக்கச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு சர்நேம்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. அந்த நட்சத்திரத்தை எடுங்கள். 'சர்நேம் இல்லை' என்று ஒரு டிக் வையுங்கள். தந்தை அல்லது தாய் பெயரை அதற்குரிய கட்டத்தில் எழுதிக்கொள்கிறோம். பிறந்த மாவட்டப் பட்டியலில் பழைய மாவட்டங்களையும் சேருங்கள். வட ஆற்காட்டில் பிறந்தவர்கள் இன்னும் லட்சக்கணக்கில் உயிரோடு இருக்கிறோம். ர-வா ற-வா என்று மட்டும் கேட்காதீர்கள், ஐயா கோபித்துக்கொள்வார்.

பதில் போடுவதானால் முகவரியில் மாவட்டம் வேலூர். ராணிப்பேட்டை என்று எழுதினால் சத்துவாச்சாரிக்கு வந்து சேராது.

இப்படிக்கு,
ஆ.
(ஊரா, அப்பாவா என்று கேட்காதீர்கள். அப்பா பெயரும் ஆ-வில்தான் தொடங்கும்.)