கடைசி ஐந்து கேள்விகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே என் தலையில் நரை கூடிவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னார். எம்.பி.ஏ. சேர்க்கைக்கு நீ ஜிமேட் தேர்வு எழுதக் கிளம்பியிருப்பதைச் சொன்னேன். "அவன் உன்னோடேயே எழுதியிருக்க வேண்டியவன்" என்றார்.

மாதிரித் தேர்வில் வெர்பல் என்கிற ஆங்கில மொழிப் பகுதியின் கடைசி ஐந்து கேள்விகளைத் தொடவே முடியவில்லை என்கிறாய். வாசிப்பு வேகம் போதவில்லை என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் எழுதிய 2016-இல் வெர்பல் கடைசியில்தான் வரும். கட்டுரையும் கணக்கும் பிழிந்தெடுத்த பிறகு 75 நிமிடம், 41 கேள்விகள். ஆனால் அன்று வாக்கியத் திருத்தக் கேள்விகள் இருந்தன. அவற்றை நிமிடத்துக்கு ஒன்றாக முடித்து, மிச்சம் பிடித்த நேரத்தை வாசிப்புப் பத்திகளுக்குக் கொடுப்போம். 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் அந்தக் கேள்விகளே இல்லை. 45 நிமிடம், 23 கேள்விகள். எல்லாமே வாசிப்பும் தர்க்கமும். எனவே என் பழைய உபாயம் இன்று செல்லாக்காசு.

உன் நேரம் எங்கே போகிறது என்று நான் சொல்லட்டுமா? ஐந்து விடைகளில் மூன்றைச் சட்டென்று தள்ளிவிடுவாய். மிஞ்சிய இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுவாய். வடையா பஜ்ஜியா என்று யோசித்தே பஸ்ஸைத் தவறவிட்டவன்தானே நீ! ஒரு கேள்விக்கு முழுதாக இரண்டு நிமிடம்கூட இல்லாத இடத்தில், இப்படி மூன்று கேள்விகளில் நான்கு நான்கு நிமிடம் நின்றால் கடைசி ஐந்தில் மூன்று அங்கேயே போய்விட்டன. அடுத்த மாதிரித் தேர்வில் கேள்விவாரியாக நேரத்தைக் குறித்துப் பார். நான் சொன்னது தவறென்றால் திட்டி எழுது.

பத்தியை அவசரமாக மேய்வதும் வீண் சிக்கனம்தான். மூன்று நிமிடம் கொடுத்து ஒரே முறை ஒழுங்காகப் படி. தமிழ்வழியில் படித்த நமக்கு ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்தால்தான் நிம்மதி, அதை விட்டுவிடு. எழுதியவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது பிடிபட்டால் போதும். விவரங்கள் திரையிலேயே இருக்கின்றன, எங்கும் ஓடிவிடாது.

கடிகாரத்தை இரண்டே இடத்தில் பார். எட்டாவது கேள்வி முடியும்போது ஏறக்குறைய 30 நிமிடம், பதினாறாவதில் 14 நிமிடம் மீதி இருக்க வேண்டும். பத்தி தொடக்கத்திலேயே வந்தால் கணக்கு சற்றுப் பிந்தும், பதறாதே. படித்த நேரமெல்லாம் அதன் முதல் கேள்வியின் தலையில் விழுகிறது. இழுபறிக் கேள்வியில் ஒன்றை அழுத்தி, குறியிட்டுவிட்டு நகர். முடிவில் நேரம் இருந்தால் மூன்று விடைகள்வரை மாற்றலாம். காலியாக மட்டும் விடாதே, அதற்கு மதிப்பெண்ணில் வெட்டு உண்டு.

எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதை இப்போது நாமே தேர்ந்தெடுக்கலாம். நீ வெர்பலை முதலில் வை. தேதி பதியும்போது காலை வேளையாகப் பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாறு வகுப்பில் நாம் இருவரும் எப்படி விழித்திருந்தோம் என்பது உனக்கும் தெரியும்.

அன்புடன்,
முரளி