பாய்ப்படகு பழக்குவது போட்டிக்கு மட்டும்தானா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு பழக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்கிறேன், நல்ல விஷயம். ஆனால் கதை எப்போதும் போட்டியோடு நின்றுவிடுகிறது.

நான் பன்னிரண்டு வருடம் போட்டி ஓடியவன். படகைக் கையாளும் வேகத்தை அதுபோல் வேறெதுவும் பழக்காது. தொடக்கக் கோட்டுக்கு முன் அந்த ஐந்து நிமிடமும், ஒரு முழம் தள்ளிப் பக்கத்துப் படகு நிற்கும்போது, சுக்கானை எவ்வளவு அசைக்கலாம் என்று கை தானாகவே படித்துக்கொள்ளும். தண்ணீர் கருத்து வருவதைக் கண்டதும் காற்று வந்து சேருமுன் உடம்பு சாய்ந்துவிடும்.

ஆனால் போட்டியில் நங்கூரம் போட்டுத் தூங்குகிற வேலையே இல்லை. ஓர் ஆடி மாதம் நண்பரின் படகில் திருகோணமலையிலிருந்து வந்து கல்குடாவில் தங்கினோம். நங்கூரம் போட்டது நான். மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்துக்குப் பத்துப் பாகம் கயிறு போதும் என்று விட்டுவிட்டேன். நடுச்சாமத்தில் கரையிலிருந்து கச்சான் காற்று இறங்கியது. கயிற்றில் கையை வைத்தால் கடகடவென்று துடிக்கிறது, நங்கூரம் மணலை உழுதுகொண்டு வருகிறது, நண்பர் ஒரே நேர்கோட்டில் அடையாளம் வைத்திருந்த இரண்டு கரை விளக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன, பின்னால் வெறும் வங்காளக் கடல். நண்பர் எழும்பிவந்து கயிற்றை ஆழத்தின் ஏழு மடங்குக்கு விட்ட பிறகுதான் பிடித்தது. சரி, அப்புறம் விடியும்வரை நான் தூங்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து திறந்த கடலில் ஓடும் நெடுந்தூரப் போட்டியான பாஸ்ட்நெட்டில், 1979இல் 303 படகுகள் புறப்பட்டன, புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் பல பிறகு மிதந்தபடியே கிடைத்தன. பாயை நேரத்தோடு சுருக்குவது, படகை விட்டு இறங்காமல் பொறுத்திருப்பது, இதெல்லாம் மிதவையைச் சுற்றி ஓடி வருவதில் வராது.

போட்டி ஓடாமல் கடலில் நெடும்பயணம் போகிறவர்களிடமும் குறை உண்டு. காற்று எதிர்த்தால் உடனே இஞ்சினைப் போட்டுவிடுவார்கள், இஞ்சின் நின்ற அன்று பாலமீன்மடு முகத்துவாரம் போன்ற ஒடுங்கிய வாயில் எதிர்காற்றில் ஏறத் தெரியாமல் திண்டாடுவார்கள்.

அதனால் பழக்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போட்டி வையுங்கள், அதோடு பிள்ளைகளை ஓரிரவாவது நங்கூரத்தில் முறைபோட்டுக் காவலிருக்க விடுங்கள். பாய் கட்டிக் கடலுக்குப் போன பெரியவர்கள் இன்னும் நம் கரையில் இருக்கிறார்கள், காற்றுத் திரும்புவதை வானத்தில் எப்படிப் பார்ப்பது என்று அவர்களையே சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.