இமை ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா? காண்டாக்ட் லென்ஸைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இமையில் ஆபரேஷன் செய்துகொண்டு வருபவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "தையல் வெளியே இருக்கிறது, லென்ஸ் உள்ளே இருக்கப்போகிறது. போட்டால் என்ன?"

சிக்கல் லென்ஸைவிட விரலில்தான் அதிகம். லென்ஸ் போடும்போது ஒரு விரல் மேலிமையைத் தூக்கிப் பிடிக்கிறது, இன்னொன்று கீழிமையை இழுக்கிறது. தொங்கிய இமையை ஏற்றினாலும் மிகுதித் தோலை எடுத்தாலும், தையல் விழுவது அந்த இடத்தில்தான். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தையலைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் உள்ளே ஆறுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். வளையாத கெட்டி லென்ஸ் போடுபவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. கழற்றும்போது கண்ணின் ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்துச் சிமிட்டுவீர்களே, ஆறாத இமைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

அப்புறம் வறட்சி. வீக்கம் இருக்கும்வரை இமை சரியாகச் சிமிட்டாது; சிலருக்குத் தூக்கத்தில்கூடக் கண் முழுதாக மூடாது. ஏற்கெனவே காய்ந்த கண்ணில் லென்ஸ் உறுத்தும். கண்ணில் போடும் களிம்பு வேறு மென் லென்ஸில் படிந்து பார்வையை மங்கலாக்கும்.

எத்தனை நாள்? பலருக்கு இரண்டு வாரம் போல ஆகிறது, சிலருக்கு அதற்கும் மேல். அதைச் சொல்ல வேண்டியவர் ஆபரேஷன் செய்த டாக்டர்தான், நாங்கள் இல்லை. அவர் சரி என்று சொல்லாமல் நாங்கள் போட்டுவிட மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே இப்போதைய பவரில் ஒரு கண்ணாடி செய்துவைத்துக்கொள்ளுங்கள், கனமில்லாத ஃபிரேமில். லென்ஸை மட்டும் மொத்தமாக வாங்கிவைக்க வேண்டாம். எங்கள் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறோம்: இமை கருவிழியை அழுத்தும் விதம் மாறினால், சிலருக்குச் சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிக்கட்டும் பவர்) மாறிவிடுகிறது. வீக்கம் நன்றாக வடிந்தபின் வாருங்கள், அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

மறுபடி தொடங்கும்போது புது லென்ஸ், புது டப்பா, புதிதாகத் திறந்த சொல்யூஷன். வாரக்கணக்கில் டப்பாவில் ஊறிய பழையதை எறிந்துவிடுங்கள். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம் போதும். வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் என்று எது வந்தாலும் உடனே கழற்றிவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். அதற்கு எங்களுக்கு போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடையினர்