பவளத்தொட்டிக்குக் கிளிமீன் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை பயனுள்ளதாகவே இருந்தது. ஆயினும், பாறையில் படியும் பாசியைக் கட்டுப்படுத்தக் கிளிமீன் ஒன்றை வாங்கி விடலாம் என்று அதில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்த யோசனை தவறானது. பவளம் வளரும் தொட்டிக்குக் கிளிமீன் எவ்வகையிலும் பொருந்தாது. (நன்னீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் ஆரஞ்சு நிற ‘பேரட்’ மீன் வேறு இனம், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

கிளிமீனின் பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகு போல் அமைந்தவை. அந்த அலகால் அது பாசியோடு சேர்த்துப் பாறையையும் சுரண்டி எடுக்கிறது. பெரிய இனங்களோ பாறையைக் கடித்துப் பெயர்த்தே தின்கின்றன. தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை அதை அரைத்துவிட, பாறையின் மேலும் உள்ளும் வாழும் பாசியும் நுண்ணுயிர்களும் உணவாகி, மிஞ்சும் சுண்ணாம்பு மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்கள் தருவதே என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவ்வினங்களில் மிகப் பெரியதான, நெற்றி புடைத்த கிளிமீன் 1.3 மீட்டர் வரை வளர்கிறது; ஒரு மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கும் மேற்பட்ட பாறையைத் தின்கிறது, அதில் ஏறத்தாழப் பாதி உயிருள்ள பவளம். நாளொன்றுக்கு 13 கிலோவுக்கு மேல் என்று கொண்டால், 300 லிட்டர் தொட்டியில் அடுக்கும் முப்பது நாற்பது கிலோ பாறை மூன்று நாளைக்குக்கூடக் காணாது. அந்த மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்பது உண்மைதான். சிறிய இனங்கள் தின்னும் அளவு இதைவிட மிக மிகக் குறைவு. ஆனால் செய்யும் வேலை அதேதான், அதுவும் பகல் முழுவதும்.

தொட்டிப் பாறை வெறும் அலங்காரமாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்தப் பாறையில்தான்; ஆக்சிஜன் குறைந்த அதன் உட்துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. அதாவது, தொட்டியின் வடிகட்டியையே நாம் மீனுக்கு இரையாகப் போடுகிறோம். கடலில் மீன் கடித்த இடத்தில் புதிய பவளம் குடியேற இடம் கிடைக்கிறது, பரந்த திட்டில் இழப்பு ஈடாகிவிடுகிறது. பசையிட்டு ஒட்டிய விரல் நீளப் பவளத்துண்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே கடியில் அது போய்விடும்.

கிளிமீன் வெளியேற்றும் மணல் கரைந்து நீருக்குக் கால்சியத்தைத் திருப்பித் தரும் என்று சிலர் வாதிடுவதுண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, நடப்பதில்லை. கிளிமீனுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பையே கிடையாது. எனவே அரைபட்ட சுண்ணாம்பு குடலில் கரையாமல் வெளிவருகிறது. பி.எச். 8க்கு மேல் பராமரிக்கப்படும் தொட்டி நீரிலும் அது கரையாது. பவளத்தின் மேல் படிந்து அதை மூடுவதும், பம்புக்குள் புகுந்து அதைத் தேய்ப்பதுமே அந்த மணலால் கிடைக்கும் பலன்.

வாங்குபவரை ஏமாற்றுவது குஞ்சின் அழகு. இருநிறக் கிளிமீனின் குஞ்சு வெள்ளை உடலும் தலையைச் சுற்றி ஆரஞ்சுப் பட்டையுமாக உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் அரை மீட்டரை எட்டும், அந்த நிறமும் இருக்காது. பெண் மீன்கள் ஆணாக மாறும் இயல்புடைய இனம் இது. முதிர்ந்த ஆண் பச்சை நிறத்தில் வேறொரு மீனைப் போலவே தோன்றும்.

மீனின் நலனையும் எண்ண வேண்டும். அதன் பற்கள் தொடர்ந்து வளர்பவை; பாறையில் உரசித் தேயத் தேயத்தான் அளவாக இருக்கும். குருணைத் தீவனத்தை மட்டும் நம்பி வாழும்படி அமைந்த உடல் அதற்கில்லை. பல லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள பொதுக் காட்சியகங்கள் செயற்கைப் பாறை வைத்து, உணவு கலந்த பிளாஸ்டர் கட்டிகளைக் கடிக்கக் கொடுத்து இம்மீனை வளர்ப்பது சாத்தியம். பவளமே இல்லாத, மிகப் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவர் சிறிய இனம் ஒன்றை முயன்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெரிய கிளாத்தி மீன்களுக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான். அவை பவளத்தைக் கடிப்பதோடு பாறைத்துண்டுகளைப் புரட்டியும் போடும்.

பாசிதான் சிக்கல் என்றால், டர்போ நத்தைகளும் பாறையை மேயும் சிறு பிளென்னி மீனும் அதைச் சமாளிக்கும். அதற்கும் முன்னதாக, தீவனத்தைக் குறைத்து, நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பாசி பெருகுவது பெரும்பாலும் அவை மிகுவதால்தான். இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, பரிந்துரைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் அதன் முழு வளர்ச்சி நீளத்தையும் இயற்கை உணவையும் உடன் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவளத்தொட்டி வளர்க்கும் வாசகர் ஒருவர்