லாடக்காரரை ஏப்ரல் வரை தள்ளிப் போடாதே, பிள்ளை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. "குளிருக்குக் குளம்பு வளராது அப்பா, லாடக்காரரை ஏப்ரலில் கூப்பிட்டால் போதும்" என்றாய். அல்பர்ட்டாவில் உனக்கும் உன் குதிரைக்கும் இதுதான் முதல் குளிர்காலம். போனில் அவசரமாகக் கதைக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

குளம்பு வளராமல் இருக்காது, மெதுவாக வளரும். கோடையில் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளர்வது குளிரில் குறையும், அவ்வளவுதான். 6 வாரத்துக்கு ஒருமுறை சீவியதை 8 வாரம் ஆக்கலாம். 5 மாதம் ஆக்க முடியாது. முன் விளிம்பு நீண்டால் காலின் பின்பக்கத் தசைநாண் இழுபடும். உறைந்து கல்லாகிப்போன சேற்றில் அந்த விளிம்பு பட்டுப் பட்டு, ஆணி அடித்த இடம் வரை பிளந்துவிடும்.

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. உன் குதிரை இன்னும் கோடை லாடத்தோடுதான் நிற்கிறது.

நம் பழைய குதிரை கறுப்பியை நினைவிருக்கிறதா? நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, இங்கே ஒன்ராறியோவில், நானும் உன்னைப் போலத்தான் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று தள்ளிக்கொண்டே போனேன். லாடக்காரர் இரண்டு தடவை போன் எடுத்தார், பாவம். ஜனவரியில் ஒரு காலை, தீவனத்துக்கு ஓடிவருகிறவள் கேற்றடியில் அசையாமல் நின்றாள். முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தால், லாடத்துக்குள் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பனிக்கட்டி. நாலு காலிலும் அப்படித்தான். குளம்பின் சூட்டில் பனி உருகும், குளிர்ந்த இரும்பில் பட்டதும் மறுபடி உறைந்து ஒட்டும். படைபடையாக ஏறி உருண்டை ஆகிவிடும். நான் பதற்றத்தில் சுத்தியலால் நேராக அடித்தேன். அவள் துடித்துப்போனாள். பக்கவாட்டில் மெல்லத் தட்டி, லாடத்துக்கும் கட்டிக்கும் நடுவே குளம்பு சுத்தம் செய்கிற கொக்கியைக் கொடுத்து நெம்பியிருக்க வேண்டும். அந்த உருண்டைகளின் மேல் இரவு முழுக்கத் தள்ளாடி நின்றதில் வலது முன்கால் தசைநாண் வீங்கி, கோடை வரும்வரை அவளில் யாரும் ஏறவில்லை. அது முழுக்க என் பிழை.

ஆகவே இரண்டில் ஒன்று செய். நீ குளிரில் அதிகம் ஏறப்போவதில்லை என்றால் லாடத்தைக் கழற்றிவிடச் சொல். வெறுங் குளம்பு மிதிக்கும்போது கொஞ்சம் விரிந்து சுருங்கும், பனியைத் தானாகவே உதறிவிடும். அடிப்பாதம் மெல்லியது, கழற்ற முடியாது என்று அவர் சொன்னால், குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே பனிக்கென்றே வரும் ரப்பர் பேட் போடச் சொல். அதன் நடுவில் ஒரு குமிழ் இருக்கும், ஒவ்வொரு மிதிக்கும் பனியை வெளியே தள்ளிவிடும். வழுக்காமல் இருக்க டங்ஸ்டன் கார்பைடு பதித்த ஆணிகளும் உண்டு. பிடிப்பு வேண்டும் என்று அதிகம் போடவேண்டாம். கால் ஊன்றிய இடத்திலேயே இறுகி நின்றுவிட்டால் திரும்பும்போது மூட்டு முறுகும். மற்றக் குதிரைகளோடு விடுகிறாய் என்றால் ஒரு உதையில் பெரிய காயம் வரும். அவசரத்துக்கு அடிப்பாதத்தில் வாஸலின் பூசலாம், ஒரு சவாரிக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்பாதே.

உங்கள் பக்கம் சினூக் என்கிற வெப்பக் காற்று அடித்தால் பகலில் எல்லாம் உருகி, இரவில் முற்றம் கண்ணாடியாகிவிடும். கேற்றடியிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் விறகுச் சாம்பலைத் தூவு.

ஒவ்வொரு நாளும் நாலு காலையும் தூக்கிப் பார். நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற ஃபிராக் கறுத்து நாறினால், கொட்டில் ஈரமாகக் கிடக்கிறது என்று அர்த்தம். குளம்பு வழக்கத்தைவிடச் சூடாக இருந்து, கணுக்காலின் பின்னால் நாடி பலமாகத் துடித்து, நடக்கவும் தயங்கினால், லாடக்காரருக்காகக் காத்திருக்காதே, உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடு.

லாடக்காரர் வருகிற அன்று கால்களைத் துடைத்துக் காயவைத்து, காற்றுப் படாத சமதரையில், நல்ல வெளிச்சத்தில் குதிரையைக் கட்டிவை. உறைகிற குளிரில் குனிந்து நின்று வேலை செய்கிற மனிதர், கை விறைத்துப்போகும். சுடச்சுட ஒரு தேத்தண்ணி கொடு. காசுதான் யோசனை என்றால் வெட்கப்படாமல் என்னிடம் கேள்.

கறுப்பியின் பழைய கொக்கியை இன்று தபாலில் போட்டிருக்கிறேன். பனியில் விழுந்தாலும் தெரியட்டும் என்று பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். லாடக்காரர் எந்த நாள் வருகிறார் என்று இந்தக் கிழமைக்குள் எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா