கோட்டை மான்களைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் வனஜீவராசிகளுக்கும் நகர நிர்வாகத்துக்கும் பொறுப்பாக உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருகோணமலை நகரத்துப் புள்ளிமான்களைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், இல்லையென்றால் வேலி போட்டு ஒரு பூங்காவுக்குள் அடைக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் ஊரில் அடிக்கடி கிளம்பும். வீட்டுத் தோட்டத்தில் கீரைப் பாத்தி போனவர் கிளப்புவார். இரவில் மோட்டார் சைக்கிளோடு மானில் மோதிக் கை முறிந்தவர் கிளப்புவார். குப்பை மேட்டருகே செத்துக் கிடந்த மானைப் பார்த்து மனம் நொந்தவரும் அதையேதான் சொல்வார். மூன்று பேரிலும் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் 'பிடித்து' என்ற அந்தச் சொல்லை எல்லோரும் ஏதோ கோழி பிடிப்பது போலச் சொல்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அம்மப்பா வேட்டைக்குப் போனவர். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. வேட்டைக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. பன்குளத்துக்கு அப்பால் கோடையிலும் வற்றாத ஒரு சின்னக் குளம், அதன் கரையில் ஒரு பாலை மரம், அதில் பரண். பாலைப்பழக் காலத்தில் மான் அங்கே வரும் என்பது அவருடைய கணக்கு. சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போக மாட்டார். பீடிக் கட்டை வீட்டிலேயே வைத்துவிடுவார். சாம்பலைத் துணியில் முடிந்து கையால் தட்டி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் பரணில் ஏறுவார். ஏறும்போது பக்கத்துக் கொப்பில் மந்திக் கூட்டம் இருந்தால், "இண்டைக்கு வீட்ட போவம்" என்று இறங்கிவிடுவார். மந்தி மேலிருந்து இலையும் பழமும் உதிர்க்கும், மான் கீழே நின்று பொறுக்கித் தின்னும். கைமாறாக மந்திக்கு மானின் மூக்கு கிடைக்கிறது, மானுக்கு மந்தியின் கண். ஒன்று குரல் கொடுத்தால் இரண்டும் போய்விடும்.

மூன்று இரவு காத்திருந்தால் ஒரு இரவு மான் வரும். வந்தாலும் உடனே தண்ணீரில் வாய் வைக்காது. வயதான பெட்டை ஒன்று முன்னால் வந்து நிற்கும். முன்காலைத் தூக்கி நிலத்தில் ஒரு தட்டுத் தட்டும். பரணில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்தத் தட்டுக்குப் பிறகு கூட்டம் தண்ணீருக்கு வருமா, காட்டுக்குத் திரும்புமா என்பது பெட்டையின் முடிவு. பெரும்பாலான நாட்களில் அம்மப்பா வெறுங்கையோடுதான் வந்தார் என்று அம்மம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லுவா.

கோட்டை வாசலில் நின்று, உள்ளே கோயில் கொண்டிருக்கும் கோணேசரைக் கும்பிட வந்தவர்களின் கையிலிருந்து வாழைப்பழம் வாங்கித் தின்பதும் அதே இனப் புள்ளிமான்தான். (கச்சான் கடலை கொடுக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து உறையோடு கொடுக்காதீர்கள்.) போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதும், 1803 இல் ஆங்கிலேயர் அதற்கு பிரெட்ரிக் என்று பெயர் வைத்ததும் எழுத்தில் இருக்கின்றன. மான் எப்போது வந்தது என்பதற்கு அப்படி ஒரு நிச்சயமும் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது என்பார்கள், காட்டிலிருந்து தானே இறங்கி வந்தது என்பார்கள். எப்படி வந்திருந்தாலும் இன்று அவை கோட்டையிலும் கடற்கரையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் படுத்து எழும்புகின்றன. மனிதனுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டன. அதை வைத்துத்தான் பிடிப்பது சுலபம் என்று நினைக்கிறோம்.

பழகிய மான் வேறு, வளர்த்த மான் வேறு. கையில் தின்னும் மானின் கழுத்தில் கயிற்றைப் போட்டுப் பாருங்கள், அம்மப்பாவின் குளத்தங்கரைப் பெட்டை ஒரு நொடியில் அதற்குள் முழித்துக்கொள்ளும். மயக்க ஊசி அடித்தாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களில் மான் எங்கே ஓடும்? ஒரு பக்கம் வீதி, இன்னொரு பக்கம் கடல், கோயிலடியில் என்றால் செங்குத்துப் பாறை. ஒரு மானுக்கு ஊசி விழுந்ததைக் கண்ட கூட்டம் அடுத்த நாள் ஊசிக்காரரின் வாகனச் சத்தத்துக்கே எழும்பி ஓடும். ஓடாமல் பிடிபட்டது தப்பிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பயத்திலும் திமிறலிலும் தசை சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் போய் அடைக்கும், உடல் சூடு ஏறும். லொறியில் ஏற்றும்போது நன்றாக நின்ற மான் இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகலாம். மான் இனங்கள் இந்தச் சாவுக்குப் பேர்போனவை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் வெயில் மாதங்களில் பிடிக்கப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் பேஞ்ச் காட்டிலிருந்து சாத்புராவுக்குப் புள்ளிமான்களை மாற்றியிருக்கிறார்கள். ஊசியும் இல்லை, வலையும் இல்லை. அகன்ற வாயும் ஒடுங்கிய கழுத்துமாகப் புனல் போல ஒரு பெரிய அடைப்புக் கட்டி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைப்புப் போட்டு, மான்களைக் கூட்டமாக உள்ளே நடத்தி, அந்த ஒடுங்கிய கழுத்து வழியாக நேரே லொறிக்குள் விடுவது. மனிதக் கை படுவதே இல்லை. மானின் சுபாவத்தை ஒத்த முறை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு விரிந்த வெளி வேண்டும், பொறுமை வேண்டும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்த ஆட்கள் வேண்டும். எங்கள் ஊரில் மூன்றாவதுதான் ஆகக் கஷ்டம்.

சரி, பிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எங்கே கொண்டுபோய் விடுவது? நகரத்தில் பிறந்த மானுக்குச் சிறுத்தை தெரியாது. பாணும் மரக்கறிக் கழிவும் தின்று பழகிய வயிற்றுக்குக் காட்டுப் புல் ஒத்துக்கொள்ளக் காலம் எடுக்கும். மனிதனைக் கண்டால் கிட்ட வரும் மானை எந்தக் காட்டோரக் கிராமத்துக்குப் பக்கத்தில் விடப் போகிறீர்கள்? அங்கே சுருக்குக் கம்பி இருக்கிறது, விலங்கு தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு இருக்கிறது. இரவில் டோர்ச் அடித்துக் கண் மினுங்குவதைப் பார்த்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானைக் கொல்வதையும் அதன் இறைச்சியை விற்பதையும் குற்றம் என்கிறது. ஆனாலும் 'மான் வத்தல்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டு வருகிறவரை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் எத்தனை பேர்? அம்மப்பாவின் வேட்டையில் மானுக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தது. சுருக்குக் கம்பிக்குப் பொறுமை தேவையில்லை. சினைப்பட்ட பெட்டை, பால்குடிக் குட்டி, சிறுத்தை என்று அது ஆள் பார்ப்பதும் இல்லை. காட்டில் மான் அருகிப்போக, நகரத்தில் பெருகுகிறது. இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

'அப்படியென்றால் விட்டுவிடலாமே, மான்தானே' என்று என்னைக் கேட்கிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. இதே புள்ளிமான் ஹவாய்த் தீவுகளில் என்ன ஆனது என்று பாருங்கள். 1868 இல் ஐந்தாம் கமேஹமேஹா அரசனுக்கு ஹொங்கொங்கிலிருந்து பரிசாகச் சில மான்கள் போயின. பின்னர் மௌயி தீவிலும் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சிறுத்தை இல்லை, முதலை இல்லை, நரிகூட இல்லை. இன்று அந்தத் தீவில் மட்டும் பல பத்தாயிரம். 2021 இல் வறட்சி வந்தபோது தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மொட்டையடித்துவிட்டுப் பட்டினியில் விழுந்து செத்தன, ஆளுநர் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் அங்கே சுடுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. இரவில் வெப்பத்தைக் காட்டும் கருவிகளோடு போய்ச் சுட்டும் எண்ணிக்கை சுலபத்தில் இறங்கவில்லை. சுடச் சுட மான் இன்னும் உஷாராகிறது, பகலில் வெளியே வருவதில்லை. இங்கே துவக்கை எடுக்கவே முடியாது, எடுக்கவும் வேண்டாம். கோயில் வாசலில் மானைச் சுட்டுவிட்டு இந்த ஊரில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

நகரத்திலும் குட்டியைக் கௌவ நாய் தவிர யாரும் இல்லை. பெட்டை இரண்டாவது வயதிலேயே சினைப்படும், ஏழரை மாதத்தில் ஒரு குட்டி போடும். இதற்கென்று ஒரு பருவம் கிடையாது. ஒரு பேச்சுக்கு, ஒரு கூட்டத்தில் நூறு பெட்டை என்று வைப்போம். ஆண்டுக்கு எண்பது குட்டி விழுந்து, நாயும் ஓட்டோவும் பொலித்தீனும் பாதியைக் கொண்டுபோனாலும் நாற்பது மிஞ்சும். பத்து மானைப் பிடித்து லொறியில் ஏற்றிப் படம் எடுத்துப் போட்டால் அந்த நாற்பதில் என்ன குறையும்? மிச்சம் நிற்பவற்றுக்குத் தீன் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆண் மான்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார். தப்பிய ஒரு கொம்பன் போதும், அந்த வேலை முழுவதும் வீண். செய்தால் பெட்டைகளுக்குத்தான் செய்ய வேண்டும், அதுவும் எத்தனை பெட்டை என்று தெரிந்த பிறகு.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: பிடிக்கும் முன் எண்ணுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், கோட்டை, கடற்கரை, பஸ் நிலையம், மைதானம், உவர்மலை என்று பிரித்து ஆட்களை நிறுத்தி, கொம்பன், பெட்டை, குட்டி என்று தனித்தனியாக எண்ண வேண்டும். மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, அடுத்த ஆண்டும் அதே போல. காட்டில் என்றால் புழுக்கை எண்ணியும் காலடி பார்த்தும் ஊகிக்க வேண்டும். இங்கே மான் கண் முன்னால் நிற்கிறது, இதைவிடச் சுலபமான கணக்கெடுப்பு இலங்கையில் வேறெங்கும் கிடைக்காது.

எண்ணிக்கொண்டிருக்கும் காலத்திலேயே குப்பையை மூடுங்கள். சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது. ஆனாலும் சோற்றுப் பார்சலைச் சுற்றி வருவது என்னவோ பொலித்தீன்தான். கறி மணக்கும் அந்த உறையை மான் உறையென்று பார்ப்பதில்லை. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது போய்ச் சுருண்டு கிடக்கும், மேலே வரவும் முடியாது, கீழே போகவும் முடியாது. வயிறு நிறைந்தது போலவே இருக்கும் மான் பட்டினியில் சாகும். குப்பைத் தொட்டிக்கு மான் மூக்கு நுழையாத மூடி போடுவது ஒன்றும் பெரிய பொறியியல் இல்லை. கோட்டை வாசலில் தீனுக்கென்று கடைகள் இருந்தால் அவற்றில் புல் கட்டும் இலைக் கட்டும் மட்டும் விற்கட்டும். வாழைப்பழத்தில் வாழும் கடைக்காரருக்கு இது கோபத்தை வரவழைக்கும், தெரியும். புல் விற்றாலும் காசு காசுதான்.

தீன் குறைந்தால் குட்டியும் குறையும், கொஞ்சம் கொஞ்சமாக. ஓரிரு ஆண்டில் படம் எடுத்துப் போட முடியாத முன்னேற்றம் இது. அதனால்தான் யாரும் தொடங்குவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். அதன் பிறகும் கூட்டம் மிஞ்சினால், பேஞ்ச் முறையில் அடைப்புக் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். விடப்போகும் காட்டில் முதலில் சுருக்குக் கம்பிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பேசலாம்.

எண்ணும் நாளைக் குறித்து அறிவியுங்கள். கோட்டை வாசல் பகுதியை எனக்குத் தாருங்கள், விடிய ஐந்து மணிக்கு அங்கே நிற்பேன். அம்மப்பாவின் பழைய டோர்ச் என்னிடம் இருக்கிறது, கொப்பி பென்சில் நானே கொண்டுவருவேன். மனைவியும் வருவதாகச் சொல்கிறா. எங்கள் முருங்கைக் கன்றைத் தின்ற கொம்பனைத் தனக்கு முகம் தெரியுமாம், அதைத் தானே எண்ண வேண்டுமாம்.

இப்படிக்கு,
திருகோணமலை, சின்னக்கடைவாசி ஒருவன்